ஹார்லெம் ஆப்பிரிக்க பஃபே: தட்டின் எடைக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள், பார்த்துப் போங்கள்

நியூயார்க்கில் இருப்பவர்கள், அதிலும் புதிதாக வந்து எங்கே மலிவாகச் சாப்பிடலாம் என்று தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். ஹார்லெமில் எடைக்குக் காசு வாங்கும் ஒரு ஆப்பிரிக்க பஃபே கடையில் எனக்கும் என் மச்சினனுக்கும் சேர்த்து 64 டாலர் 82 சென்ட் பிடுங்கிவிட்டார்கள். வாசல் கண்ணாடியில் போட்டிருந்த விலைப்படி, நாங்கள் சாப்பிட்டதற்கு வரி உட்பட 33 டாலர் 50 சென்ட்தான் ஆகியிருக்க வேண்டும். மீதி எங்கே போனது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. நகர நிர்வாகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், கார்டு கொடுத்த வங்கியிலும் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். இரண்டும் முடியாமல் பெயரை எழுதினால் வம்பு. அதோடு, இந்த வித்தை அந்த ஒரு கடையோடு நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எடைக்கு விற்கும் எந்த பஃபேயிலும் இதைச் செய்யலாம். கடையைவிட வித்தையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

தெரியாதவர்களுக்காக: இது நம் ஊர் பஃபே மாதிரி ஒரு தொகை கொடுத்து வயிறு முட்டச் சாப்பிடும் ஏற்பாடு இல்லை. நீளமான வெந்நீர்த் தொட்டி மேல் வரிசையாகத் தட்டங்கள் இருக்கும். வேண்டியதை நீங்களே எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போக வேண்டும். அங்கே எடை மெஷினில் வைத்து, பவுண்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். கிலோவில் வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு சட்டென்று மனதில் ஓடாது. அங்கேதான் சிக்கிக்கொள்கிறோம்.

ஹார்லெமின் 116-ஆம் தெருவை 'குட்டி செனகல்' என்றே கூப்பிடுகிறார்கள். எண்பதுகளிலிருந்து செனகல்காரர்கள் அங்கே வந்து குடியேறினார்கள். 125-ஆம் தெருவில் நடைபாதைக் கடை போட்டிருந்தவர்களை 1994-இல் நகர நிர்வாகம் அப்புறப்படுத்தியபோது, பலர் 116-ஆம் தெருச் சந்தைக்கு மாறினார்கள். துணிக்கடை, தலைமுடி பின்னும் கடை, பள்ளிவாசல், பணம் அனுப்பும் கடை, நடு நடுவே சாப்பாட்டுக் கடைகள். டாக்ஸி ஓட்டுநர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சாப்பிட வருவார்கள். அந்தப் பக்கத்தில் பல கடைகளில் நான் சாப்பிட்டிருக்கிறேன். மரியாதையாக நடத்துவார்கள், தாராளமாகப் போடுவார்கள். அந்த நம்பிக்கையில்தான் மச்சினனைக் கூட்டிக்கொண்டு போனேன். பழகிய கடையில் கூட்டம் அதிகம். சில தெருக்கள் தள்ளி இன்னொரு கடையில் 'பவுண்டு 7.99' என்று கண்ணாடி முழுக்க எழுதியிருந்தது. உள்ளே போனோம்.

போனதும் ஒரு பையன் ஓடி வந்தான். "இங்கேயே சாப்பிடுகிறீர்களா? இந்தாருங்கள்" என்று ஆளுக்கொரு பீங்கான் தட்டைக் கையில் திணித்தான். முட்டை வடிவத்தில், தடிமனாக, கல் மாதிரி கனத்தது. என்ன உபசாரம் பாருங்கள்!

நான் எடுத்தது செபுஜென், கொஞ்சம் ஆட்டுக்கறி, மாஃபே. செபுஜென் செனகலின் தேசியச் சாப்பாடு, 2021-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பிடித்தது. மீனைத் தக்காளிக் குழம்பில் வேகவைத்து எடுத்துவிட்டு, அதே குழம்பில் நொய்யரிசியைப் போட்டு வேகவிடுவார்கள். கூடவே முட்டைக்கோஸ், கேரட், மரவள்ளிக்கிழங்கு, கத்தரிக்காய் பெரிய பெரிய துண்டுகளாக. கருவாடு வாசம் லேசாக வரும், நம் ஆட்களுக்குப் பிடித்துப் போகும். மாஃபே என்பது நிலக்கடலை அரைத்துவிட்ட கறிக்குழம்பு. மச்சினன் மீன் பக்கம் போகவில்லை. யாஸா கோழி, அதாவது வெங்காயத்தையும் எலுமிச்சையையும் வாரிப் போட்டுச் சமைத்தது, ஒரு துண்டு எடுத்தான். கொஞ்சம் சோறு, இரண்டு மூன்று வாழைப்பழ வறுவல். அவ்வளவுதான். அவன் எப்போதுமே கோழி கொறிக்கிற மாதிரிதான் சாப்பிடுவான்.

கல்லாவில் ஒரு சின்னப் பெண். எடை மெஷினின் எண் தெரியும் பக்கம் அவளைப் பார்த்து இருந்தது. எங்கள் பக்கம் இருக்க வேண்டிய திரையை மறைத்துக்கொண்டு ஒரு துடைப்புக் காகிதக் கட்டு. தட்டை வைத்தாள், எடுத்தாள், ஏதோ தட்டினாள், கார்டு மெஷினைத் திருப்பிக் காட்டினாள். டிப்ஸ் 18, 20, 25 சதவீதம் என்று கேட்டது. நாமே போட்டு, நாமே தூக்கிக்கொண்டு போகிற சாப்பாட்டுக்கு எதற்கு? வேண்டாம் என்று அழுத்தினேன். மொத்தத் தொகையைப் பார்த்ததும் பில் கேட்டேன். கார்டு துண்டுச் சீட்டை மட்டும் நீட்டினாள். எடையோடு இருக்கும் பில் வேண்டும் என்றதும் அரை மனதாக அச்சடித்துக் கொடுத்தாள்.

என் தட்டு 2.86 பவுண்டு, மச்சினன் தட்டு 1.98. ஆளுக்கொரு பிஸ்ஸாப், ஐந்து ஐந்து டாலர். புளிச்சக்கீரை இனத்துச் செடியில் பூவின் அடியில் இருக்கும் சிவப்புப் புல்லியிதழை ஊறவைத்துச் செய்யும் பானம் அது.

என் மச்சினன் வீட்டில் மூன்று தலைமுறையாக மளிகைக்கடை. அவன் பில்லைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். "அத்தான், 2.86னா கிட்டத்தட்ட 1,300 கிராம். நீங்க ஒன்றே கால் கிலோவுக்கு மேல சோறா எடுத்திருக்கீங்க? தட்டைக் கழிக்கவே இல்ல" என்றான். ஊரில் ஸ்வீட் கடையில் மைசூர்பாகு விலைக்கு அட்டைப் பெட்டியையும் சேர்த்து நிறுப்பார்களே, அதே கதைதான். அங்கே பெட்டி சில பத்து கிராம். இங்கே பீங்கான்.

கல்லாவுக்கே திரும்பிப் போனேன். ஒரு காலித் தட்டை மெஷினில் வையம்மா என்றேன். அந்தப் பெண் யோசிக்காமல் எடுத்து வைத்துவிட்டாள். மச்சினன் காகிதக் கட்டைத் தள்ளிவிட்டான். 1.12 என்று சிவப்பு எண் எரிந்தது. அரை கிலோவுக்கு மேல். அந்தப் பெண்ணின் முகமே மாறிவிட்டது. அவளுக்குத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். அதற்குள் உள்ளேயிருந்து மேலாளர் வந்து தட்டைத் தூக்கிக்கொண்டார். "மெஷின் தானாகவே கழித்துக்கொள்ளும்" என்றார். கழித்துக்கொள்ளும் மெஷின் காலித் தட்டுக்கு ஏன் 1.12 காட்டுகிறது என்று கேட்டேன். உடனே பேச்சு மாறியது. "எங்கள் விலை தட்டோடு சேர்த்துத்தான், எல்லாருக்கும் இப்படித்தான்."

இது அப்பட்டமான சட்டமீறல். எடைக்கு விற்கும் பொருளுக்கு நிகர எடைக்குத்தான் காசு வாங்க வேண்டும், பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட வேண்டும். அதற்கென்றே மெஷினில் ஒரு பொத்தான் இருக்கிறது. வாங்குகிறவர் கண்ணுக்கு எடை தெரிகிற மாதிரி மெஷின் இருக்க வேண்டும் என்பதும் விதி.

அடுத்தது விலை. கண்ணாடியில் 7.99. எனக்குப் போட்டது 10.99. கேட்டால், மீன் தட்டத்துக்குப் பின்னால், கரண்டி மறைக்கிற இடத்தில் ஒட்டியிருந்த சின்னக் காகிதத்தைக் காட்டினார். மீனோ ஆட்டுக்கறியோ ஒரு துண்டு எடுத்தாலும் தட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும், சோற்றுக்கும் முட்டைக்கோஸுக்கும்கூட, 10.99 விலையாம். கறியை வேறு தட்டில் எடுத்திருந்தால் சோறு 7.99-க்கே வந்திருக்கும். ஆனால் அந்தத் தட்டுக்கும் ஒரு 1.12 ஏறியிருக்கும்!

தட்டின் எடைக்கு மட்டும் எங்கள் இருவரிடமும் வாங்கியது 21 டாலர் 26 சென்ட். மொத்தப் பில்லுக்கும் வரி 8.875 சதவீதம். அது நியாயமான வரிதான், நியூயார்க் நகரில் சமைத்த சாப்பாட்டுக்கு எங்கும் உண்டு, அதற்காகச் சண்டை போடாதீர்கள். அதற்கும் மேலே கார்டு கட்டணம் என்று 4 சதவீதம், 2 டாலர் 49 சென்ட். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. 2024 பிப்ரவரி 11 முதல் நியூயார்க் மாநிலத்தில் கிரெடிட் கார்டுக்கு அதிகம் வாங்குவதாக இருந்தால், கார்டில் கொடுத்தால் மொத்தம் எவ்வளவு என்ற விலையையே முன்கூட்டி எழுதிக் காட்ட வேண்டும். கார்டு நிறுவனம் கடையிடம் எடுக்கும் தொகைக்கு மேல் ஒரு சென்ட்கூட வாங்கக் கூடாது. கடைசியில் பில்லில் சொருகுவது செல்லாது.

மேலாளர் இறங்கி வந்து ஐந்து டாலர் தருகிறேன் என்றார், ரொக்கமாக. வேண்டாம், முழுதாகத் திருத்துங்கள் என்றேன். அவர் கையை விரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்போது பக்கத்து மேசையில் இருந்த டாக்ஸிக்காரர் ஒருவர் மெதுவாகச் சொன்னார், "பெட்டியில் வாங்குங்கள் சகோதரா." அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் பார்சல் கொண்டுபோகும் அலுமினியப் பெட்டியில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பீங்கான் தட்டு எங்களைப் போன்ற புது முகங்களுக்கு மட்டும்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போனது மாலை நான்கு மணிக்கு. செபுஜென் மதியச் சாப்பாடு. நல்ல கடைகளில் மூன்று மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். இங்கே தட்டம் இன்னும் நிறைந்து இருந்ததைப் பார்த்தபோதே யோசித்திருக்கலாம் என்று மச்சினன் இப்போது சொல்கிறான், அப்போது அவனும் சொல்லவில்லை. சோறு ஓரமெல்லாம் காய்ந்து கொட்டை கொட்டையாக இருந்தது. மீன் மேலே வெதுவெதுப்பு, முள்ளுக்குப் பக்கத்தில் ஜில்லென்று இருந்தது. சூடாக வைக்கும் சாப்பாடு 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது என்பது நியூயார்க் சுகாதாரத் துறை விதி, அதாவது 60 டிகிரி செல்சியஸ். அந்த மீன் அதில் பாதிகூட இருந்திருக்காது. ஆட்டுக்கறியில் கறியைவிட எலும்புதான் அதிகம், அதுவும் எடைக்குத்தானே! மாஃபே மட்டும் உண்மையிலேயே நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மறுநாள் இருவருக்கும் வயிறு சரியில்லை. ஆனால் அந்த மீன்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது, அதனால் புகாரில் அதை எழுதவில்லை.

வாசலில் 'ஏ' என்ற சுகாதாரத் தர அட்டை ஜம்மென்று இருந்தது. அதை நம்பிப் போகிறவர்களுக்கு ஒன்று: அது சோதனை நடந்த அன்று சமையலறை எப்படி இருந்தது என்பதற்கான மதிப்பெண். குறை 13 புள்ளிக்குள் இருந்தால் 'ஏ'. தராசுக்கும் விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தராசைப் பார்ப்பது நுகர்வோர் பாதுகாப்புத் துறை. நம் ஊர் முத்திரை மாதிரி, சோதித்த மெஷினில் அவர்களுடைய சீல் ஒட்டியிருக்கும். நாங்கள் போன கடை மெஷினில் அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை.

சரி, இனி போகிறவர்கள் என்ன செய்யலாம்? தட்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அங்கேயே சாப்பிட்டாலும் பார்சல் பெட்டி கேளுங்கள். சாப்பாட்டை வைப்பதற்கு முன் மெஷினில் பூஜ்யம் தெரிகிறதா என்று பாருங்கள், திரை மறைந்திருந்தால் விலக்கச் சொல்லுங்கள். ஒழுங்கான கடையில் கல்லாவில் இருப்பவர் நீங்கள் கேட்காமலேயே பெட்டியின் எடையைக் கழித்துவிட்டுத்தான் விலையைச் சொல்வார். மீனும் கறியும் என்ன விலை என்று வாயைத் திறந்து கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். கார்டை நீட்டுவதற்கு முன்பே எடை அச்சடித்த பில்லைக் கேளுங்கள். நாங்கள் பணம் கொடுத்த பிறகுதான் கேட்டோம். அதனால்தான் அவர்களுக்கு இறங்கிவர வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் நகர நிர்வாகத்தின் உதவி எண்ணான 311-க்கு அழைத்து, தராசுப் புகார் என்று தனியாகச் சொல்லுங்கள். சாப்பாட்டுப் புகார் என்று பொதுவாகச் சொன்னால் சுகாதாரத் துறைக்குத் தள்ளிவிடுவார்கள். முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால், கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நான் மொத்தத் தொகையையும் கேட்கவில்லை. சாப்பிட்டதற்குக் காசு கொடுக்கத்தானே வேண்டும்? தட்டுக்கு வாங்கியதையும், அதற்கான வரியையும், கார்டு கட்டணத்தையும் மட்டும் கேட்டிருக்கிறேன். காலித் தட்டு 1.12 காட்டியதை மச்சினன் போனில் படம் எடுத்து வைத்திருந்தான், அதையும் பில்லையும் இணைத்திருக்கிறேன். வங்கி இப்போதைக்கு அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைத்திருக்கிறது, விசாரணை முடியவில்லை. நகர நிர்வாகத்திலிருந்து இன்னும் புகார் எண் மட்டும்தான் வந்திருக்கிறது. பதில் வந்ததும் இதிலேயே சேர்க்கிறேன்.