56 டின், 56 கரண்டி

அம்பாசமுத்திரத்திலிருந்து கூட்டாளி போன் பண்ணினான். 13 வயது மகளுக்குக் குரோன்ஸ் நோயாம், குடலில் வீக்கமும் புண்ணும் வந்து நீடிக்கிற நோய். எனக்கும் அதுதான். “எட்டு வாரம் சோறே கிடையாது, டின் பொடிதான்னு சொல்லுதாங்கல. நீ குடிச்சவன்லா, பிள்ள குடிச்சிருவாளா?” டின் பொடி என்றால் சோற்றுக்குப் பதிலாகத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற முழுச் சத்துப் பொடி. அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் புகார் அந்தக் கரண்டி. 400 கிராம் டின்னில் பொடிக்கு அடியில் புதைத்து வைத்திருப்பார்கள். துழாவி எடுத்தால் மணிக்கட்டு வரை வெனிலா வாசம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு டின் ஆகிவிடும். 56 நாளும் துழாவினேன்.

சித்தி மகள் கல்யாணத்துக்கு மறுநாள் சொதிப் பந்தி. தேங்காய்ப்பால் மணம், பக்கத்து இலையில் இஞ்சித் துவையல், என் கையில் ஃபிளாஸ்க். “எய்யா, ஒரு கரண்டி ஊத்திக்கிட்டா ஒண்ணும் ஆவாது” என்றாள் ஆச்சி. அன்றைக்குப் பொடி மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். பொடிக்கு முன்பு, குடல் வீக்கத்தைக் குறைக்க ரத்தத்தில் ஏற்றும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்து இரண்டு டோஸ் ஏற்றியும் வயிற்றுவலி அப்படியே இருந்தது. எடை 44 கிலோ, ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் 2.4தான், ரொம்பக் குறைவு. முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிடுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாளையங்கோட்டையில் இன்னொரு டாக்டர்தான் விளக்கினார்: அந்த மருந்தும் ஒரு புரதம். புண்ணான குடல் வழியே ஆல்புமின் கசியும்போது மருந்தும் சேர்ந்து வீணாகிறது. ஆல்புமின் குறைந்தவர்களுக்கு மருந்து உடம்பில் தங்குவதும் குறைவு, பலன் கிடைப்பதும் குறைவு.

மூன்றாவது டோஸோடு பொடி தொடங்கியது. எட்டாவது வாரம் ஆல்புமின் 3.6, எடை 49. வேலை செய்தது பொடியா மருந்தா என்றால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

பிள்ளைகள் கதை வேறு. குரோன்ஸ் வந்த பல பிள்ளைகளுக்கு இந்தப் பொடியே முதல் சிகிச்சை. ஸ்டீராய்டு போல வளர்த்தியைக் கெடுக்காது. பெருங்குடலில் புண் வரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற இன்னொரு நோய்க்கு இப்படிக் கைகொடுப்பதில்லை, அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜிம் புரோட்டீன் டப்பாவும் இது இல்லை. பாதிப் பொடி, பாதி கட்டுப்பாடான சாப்பாடு என்று ஒரு முறையும் உண்டு. 2019இல் வெளிவந்த ஆய்வில் முழுப் பொடியைவிட அதைப் பிள்ளைகள் எளிதாகத் தாங்கினார்கள். டாக்டரிடம் அதைக் கேட்டுப் பார் என்றேன்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. ருசிக்கு ஒன்று, அதுவும் ஃப்ரிட்ஜில் வைத்துக் குடித்தால், மூடிக்கு ஒன்று. ஆச்சி மிளகாய் வற்றலும் உளுந்தும் அந்த டின்களில்தான் வைத்திருக்கிறாள், இதுவரை ஒரு வண்டு விழவில்லை.

அப்புறம் கூட்டாளியிடம் கண்டிப்பாக ஒன்று சொன்னேன்: வாங்குல, நாளைக்கே வாங்கு. கரண்டிக்காகத் துழாவாதே. என்னிடம் 56 கிடக்கிறது, கழுவிக் காயவைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன்.