பார்கோடு மருந்து வழங்கல் மென்பொருள்: நல்ல கருவி, ஆனால் வார்டில் அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்

மருத்துவமனைத் தகவல் முறைமையில் செவிலியர்கள் ஒவ்வொரு டோஸுக்கும் தொட்டாக வேண்டிய பகுதி இது. நோயாளியின் கைப்பட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும், பிறகு மருந்தை. ஆள், மருந்து, அளவு, நேரம், கொடுக்கும் வழி ஆகிய ஐந்தையும் மென்பொருள் மருத்துவரின் உத்தரவோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் திரையில் எச்சரிக்கும். கொடுத்து முடித்ததும் செவிலியர் உறுதிசெய்தால் பதிவு தானாக ஏறிவிடும்.

இந்த யோசனை பிறந்ததே ஒரு செவிலியரிடம்தான். அமெரிக்காவில் டொபீகா நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய சூ கின்னிக், 1992-ல் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் ஊழியர் கையடக்கக் கருவியால் காரைப் பதிவு செய்வதைக் கண்டு, மருந்துக்கும் இதைச் செய்யலாம் என்று நினைத்தார். இன்று பல மருத்துவமனைகளில் இதே மென்பொருளைத் தேர்வு செய்யும் அறையில் செவிலியர் ஒருவர்கூட இருப்பதில்லை. பிற்பாடு வரும் சிக்கல்களில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பலன் உண்டா? உண்டு. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் நடந்து 2010-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வில், நேரம் தவறியவை நீங்கலாக மருந்து கொடுப்பதில் நேர்ந்த பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்தன. ஆனால் 2008-ல் வந்த இன்னோர் ஆய்வு, இந்த முறையைச் சுற்றிச் செல்ல ஊழியர்கள் கையாளும் குறுக்குவழிகளில் 15 வகைகளையும், அவற்றுக்கான 31 காரணங்களையும் பட்டியலிட்டது. வாங்க நினைப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எங்கே தடுக்கிறது என்று பார்ப்போம். முதலில் கைப்பட்டை. தண்ணீரும் கிருமிநாசினியும் பட்டு அச்சு மங்கும். குழந்தைகளின் சிறிய மணிக்கட்டில் நீளவாக்குப் பார்கோடு வளைந்து பாதி மறைந்துவிடும். சதுர வடிவ இருபரிமாணக் குறியீட்டைப் பட்டை நெடுக நாலைந்து இடத்தில் அச்சிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். ஆனால் பழைய லேசர் ஸ்கேனர் அதைப் படிக்காது, படம் பிடித்துப் படிக்கும் வகை தேவை. ஸ்கேனர் வாங்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டால், பட்டையை ஸ்கேன் செய்ய முடியாத செவிலியர் அதே நோயாளிக்கு உபரிப் பட்டை ஒன்றை அச்சிட்டு மருந்து வண்டியில் ஒட்டிக்கொள்வார். அந்த நிமிடமே நோயாளியைச் சரிபார்க்கும் வேலை போயிற்று. திரை பச்சை காட்டும், ஆள் வேறாக இருக்கலாம்.

அடுத்தது மருந்து. கொள்முதல் பிரிவு வேறு உற்பத்தியாளரிடம் வாங்கினால் குறியீடு மாறும். மருந்தகம் அதைத் தன் கோப்பில் ஏற்றும் வரை வார்டில் ஒவ்வொரு டோஸும் 'தெரியாத மருந்து' என்று நிற்கும். பாதி மாத்திரை, பளபளக்கும் ஃபாயில், சுருங்கிய ஐவி பை (நரம்பு வழி மருந்து ஏற்றும் பை) ஆகியவையும் ஸ்கேனரில் எளிதில் படியாது. தனித்தனி டோஸாகப் பொட்டலமிட்டு லேபிள் ஒட்டித் தர மருந்தகம் தயாராக இல்லையென்றால், இந்த மென்பொருளை இப்போது வாங்க வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்கேனர் குப்பியைத்தான் அறியும், சிரிஞ்சில் எவ்வளவு ஏற்றினோம் என்பது அதற்குத் தெரியாது. இன்சுலின், ஹெப்பாரின் போன்றவற்றுக்கு இரண்டாவது செவிலியர் கண்ணால் பார்ப்பது தொடர வேண்டும். அவர் தன் சொந்த லாகினில்தான் கையொப்பமிட வேண்டும். ஒருவர் கடவுச்சொல்லை இன்னொருவர் தட்டினால் அது இரட்டைச் சரிபார்ப்பு ஆகாது.

இனி குழு. ஒவ்வொரு ஷிப்டிலும், இரவு ஷிப்ட் உட்பட, நன்கு பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் வேண்டும். தொடக்க வாரங்களில் அவருக்கு நோயாளிகளை ஒதுக்கக் கூடாது. ஒதுக்கினால் உதவி கேட்பவர்களுக்கு அவர் கிடைக்கமாட்டார். தலைமைச் செவிலியர், மருந்தகர், ஐடி ஆள் மூவரும் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் உட்கார்ந்து ஓவர்ரைடு அறிக்கையை (ஸ்கேனையோ எச்சரிக்கையையோ தாண்டி மருந்து கொடுத்த பதிவுகளை) படித்தாலே பாதிக் குறைகள் தெரியும். அதை ஆள்வாரியாகப் படிக்காதீர்கள்; மருந்துவாரியாக, மணிவாரியாகப் படியுங்கள். ஒரே மருந்து பத்துப் பேரிடம் படியவில்லை என்றால் பிழை லேபிளில். விடியற்காலையில் மட்டும் ஓவர்ரைடு கூடினால் வண்டியின் பேட்டரியைப் பாருங்கள். ஒரே அறையில் கூடினால் அங்கே வைஃபை எட்டவில்லை. யார் யாரைத் திட்டலாம் என்று படிக்கப்படும் அறிக்கை அடுத்த வாரமே பொய் சொல்லத் தொடங்கும்: 'பட்டை கிழிந்தது' என்ற காரணத்தையே எல்லோரும் தட்டிவிட்டுப் போவார்கள்.

நோயாளி, மருந்து இரண்டையும் ஸ்கேன் செய்வதில் 95 சதவீதம் என்பது மருத்துவமனைகளின் பாதுகாப்பை மதிப்பிடும் அமெரிக்காவின் லீப்ஃபிராக் அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல். நல்ல இலக்குதான், ஆனால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. மருந்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு ஸ்கேன் செய்தாலும் எண் 95-ஐத் தொடும். ஒரே நோயாளியின் நான்கு மருந்துகள் சில வினாடிகளில் வரிசையாகப் பதிவானால், தலைமைச் செவிலியர் படுக்கையருகே போய் நின்று பார்க்க வேண்டும்.

எச்சரிக்கைகளைப் பற்றி: முதல் நாளே எல்லாவற்றையும் இயக்கிவிடும் நிறுவனங்கள் உண்டு. ஐந்து நிமிட தாமதத்துக்கும் பத்து மடங்கு டோஸுக்கும் ஒரே மாதிரிப் பெட்டி எழுந்தால் இரண்டையும் ஒரே வேகத்தில் மூடிவிடுவார்கள். எதை நிறுத்தலாம், எதை மூடவே முடியாமல் வைக்கலாம் என்ற முடிவில் செவிலியர் தரப்புக்கு ஓட்டு இருக்க வேண்டும்.

முறைமை நின்றுபோகும் நேரத்துக்கு மருந்துப் பட்டியல் ஒரு கணினியில் குறிப்பிட்ட இடைவெளியில் தானாகச் சேமிக்கப்பட்டு, அவசர மின்னிணைப்பில் உள்ள பிரிண்டரில் அச்சாக வேண்டும். காகிதத்தில் எழுதியதை மீண்டும் ஏற்றுவது யார் என்பதையும் முன்பே பெயர் குறித்து வையுங்கள். விட்டால் அடுத்த ஷிப்ட் அதே டோஸை மறுபடி கொடுக்க வாய்ப்பிருக்கிறது.

டெமோவுக்கு வரும் விற்பனையாளர் தன் பெட்டியிலிருந்து பளிச்சென்ற மாதிரிகளை எடுத்து ஸ்கேன் செய்வார். அதை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் வார்டிலிருந்து மூன்று நாள் ஈரம் பட்ட கைப்பட்டை, சுருங்கிய ஐவி பை, பாதி மாத்திரை, ஒரு சிறு ஆம்பூல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். ஸ்கேனரை இரவுப் பணிச் செவிலியர் ஒருவர் கையில் கொடுத்து, விளக்கை மங்கலாக்கச் சொல்லுங்கள்.