தில்லி மாடியில் மிளகாய்: குண்டா, குண்டூரா, மத்தானியாவா?

வீட்டு மிளகாய்த்தூளுக்கு மாடித் தொட்டியில் எந்த ரகம் வைக்கலாம் என்று பார்ப்போம். மே மாதம் 45 டிகிரி அடிக்கிற ஊர், மிளகாய்க்கு வெயில்தானே வேண்டும் என்று நம்பி மயூர் விகார், ஆர்.கே. புரம் பக்கம் நம்மவர்கள் பலர் மார்ச்சில் நாற்று நட்டுவிடுகிறார்கள். செடி வெயிலைத் தாங்கும், பூ தாங்காது. பகலில் 35-ஐத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் மலடாகிவிடும். காலையில் குனிந்து பார்த்தால் தொட்டியடியில் வெள்ளைப் பூக்கள் காம்போடு உதிர்ந்து கிடக்கும். சத்து போதவில்லை போல என்று யூரியாவைப் போட்டால் இலைதான் கொழுக்கும். லூ என்கிற அனல்காற்று வீசும் மாதங்களில் பச்சை நிழல் வலையும் காலைத் தண்ணீருமாகச் செடியை உயிரோடு வைத்திருந்தால் போதும், அல்லது ஜூலையில் புதிதாக நடலாம். எப்படியானாலும் வற்றலுக்கான காய்ப்பு செப்டம்பருக்கு மேல்தான், டிசம்பர் பனிமூட்டத்துக்கு முன்னால் எது பழுத்துக் காய்கிறதோ அதுதான் நமக்கான ரகம்.

மத்தானியா ஜோத்பூருக்குப் பக்கத்து ஊர். லால் மாஸ் என்கிற ராஜஸ்தானிச் சிவப்புக் கறிக்குழம்புக்குப் பேர்போன மிளகாய், நல்ல சிவப்பு, காரம் மிதம், மணம் அபாரம். பாலைவனத்து மிளகாய்தானே, தண்ணீர் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். அங்கேயும் பாசனத்தில்தான் விளைகிறது, நிலத்தடி நீர் இறங்க இறங்கச் சாகுபடியும் சுருங்கிவிட்டது. நம்பகமான விதை கிடைப்பதுதான் பெரும்பாடு, அந்தப் பெயரை ஒட்டி எதையும் விற்கிறார்கள்.

ராமநாதபுரம் முண்டு, அதாவது நம் குண்டு மிளகாய், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. வறட்சிக்கு அஞ்சாது, ஊர்ப் பாசமும் இழுக்கும். ஆனால் தூளுக்கு என் ஓட்டு இதற்கு இல்லை. உருண்டைக் காய், தோல் தடிப்பு, உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும், வெளியே காய்ந்த மாதிரியே தெரியும். ஆசைக்கு ஒரு தொட்டி வையுங்கள், தாளிப்புக்கு ஆகும்.

ஆந்திராவின் குண்டூர் சன்னம்தான் என் தேர்வு. ஒல்லிக் காய், சீக்கிரம் காயும். காரம், அதை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் சுமார் 35,000 முதல் 40,000, சாம்பாருக்கும் மீன் குழம்புக்கும் தாராளம். நிறம் மத்தானியா அளவுக்கு வராது. அதற்குக் கொஞ்சம் கர்நாடகத்துப் பேடகி மிளகாய் வற்றலைக் கடையில் வாங்கிக் கலந்தால் சரியாகிவிடும், காரம் ஏறாமல் சிவப்பு ஏறும். பூத் ஜோலோக்கியா? உலகிலேயே காரமான மிளகாய் என்று 2007-இல் கின்னஸ் ஏறியது, வடகிழக்கின் ஈரக்காற்றில் வளரும் செடி. மிக்ஸியில் அரைத்தால் மாடிப்படி முழுக்க இருமல்தான்.

இலைச்சுருட்டல் எல்லா ரகத்துக்கும் வரும், வெள்ளை ஈ பரப்புவது. மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள், சுருண்ட செடியைப் பார்த்ததும் பிடுங்கிவிடுங்கள், பாவம் பார்க்காதீர்கள்.

ஒரு கிலோ பழத்துக்குக் கால் கிலோ வற்றல் தேறினாலே அதிகம், அதனால் இரண்டு தொட்டியை நம்பி வருஷத்துக்குத் தூள் என்று கணக்குப் போடாதீர்கள். முழுக்கச் சிவந்த பிறகு பறித்து, இரண்டு நாள் நிழலில் வாட்டி, அப்புறம் வெயிலில் பரப்புங்கள், இரவில் பனி படாமல் உள்ளே எடுங்கள். குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். கோதுமை அரைக்கும் சக்கியில் மிளகாயை வாங்கமாட்டார்கள், அடுத்தவர் ஆட்டா காரமாகிவிடும் என்று. மசாலா மட்டும் அரைக்கும் மில்லாகப் பாருங்கள், அரைத்த சூடு ஆறிய பிறகு டப்பாவை மூடுங்கள்.