செப்புப் பட்டயத்துக்கு ரெசின் நகல்: மூன்று வருட அனுபவம்

நண்பர் வீட்டுப் பூஜையறையில் ஒரு பழைய செப்புப் பட்டயம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை புளி போட்டுத் தேய்த்துவிடுவார்கள். எழுத்து மழுங்கிக்கொண்டே வந்தது. "தேய்க்க ஒரு நகல் செஞ்சு தர்றேன், இதை உள்ளே வைங்கம்மா" என்று நண்பரின் அம்மாவிடம் சொல்லித்தான் இதில் இறங்கினேன்.

முப்பரிமாண ஸ்கேனர் வாங்கவில்லை. ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு முக்கால் பங்கு பொருந்துகிற மாதிரி சுற்றிச் சுற்றி எடுத்தால் மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருள் முப்பரிமாண உருவத்தைக் கட்டிவிடும். கணினியில் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் வேண்டும். முதல் முறை 140 படம் எடுத்தேன். வந்த உருவம் முகமெல்லாம் அம்மைத் தழும்பு! கேமரா நகர நகர செம்பின் மினுமினுப்பும் இடம் மாறுவதால் மென்பொருள் குழம்பிவிடுகிறது. மினுமினுப்பை மறைக்கப் பவுடர் ஸ்ப்ரே அடிக்கலாம் என்பார்கள். பழம்பொருள் மேல் அதைச் செய்யவே கூடாது.

கைகொடுத்தது போலரைசர், அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற வடிகட்டி. லைட்டுக்கு முன் ஒரு ஷீட், லென்ஸில் ஒரு ஃபில்டர். ஃபில்டரைத் திருப்பத் திருப்ப மினுமினுப்பு அணைந்துவிடும். ஆனால் தேய்த்த கையோடு எடுத்தால் செம்பே கன்னங்கரேலென்று விழுகிறது. ஆறு மாதம் புளிக்கு லீவு விட்டு, களிம்பேறிய பிறகு எடுத்ததுதான் உருப்படியாக வந்தது. பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைக்க மறக்காதீர்கள். படத்தை மட்டும் வைத்து மென்பொருளுக்கு அளவு தெரியாது.

உருவத்தை அச்சடிக்க, பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் முப்பரிமாணப் பிரிண்டர் சரிப்படாது. எழுத்தின் பள்ளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, அதில் 0.2 மி.மீ. அடுக்கு என்ன காட்டும்? ஒளி பட்டால் இறுகும் திரவமான ரெசினில் அடிக்கும் பிரிண்டரில் அடுக்கை 0.05 மி.மீ. வைக்கிறேன். நாற்றம், கையுறை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கழுவல் எல்லாம் மூன்று வருடமாகியும் பழகவில்லை. தகட்டைப் படுக்கவைத்து அடித்தால் வளைகிறது; சாய்த்து அடிக்க வேண்டும்.

பெரிய சறுக்கல் வேறு. முப்பரிமாணக் கோப்பில் பரப்பை வழவழப்பாக்கும் "ஸ்மூத்" கட்டளையை ஒருமுறை அதிகமாகத் தட்டியதில் ஒரு வரியே கரைந்திருக்கிறது. ஈரத்தாளை ஒற்றி முன்பு எடுத்திருந்த மைப்படியோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. பழைய முறைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

பின்பக்கம் "நகல்" என்று வருடத்தோடு பொறித்துவிடுகிறேன். நாளைக்கு யாராவது அசல் என்று விற்றுவிடக் கூடாதே.

முதல் நகலைக் கையில் வாங்கிய அம்மா, "கனமே இல்லையேப்பா" என்றார். அடுத்ததில் நடுவே இரும்புத் தகடு வைத்தேன். இப்போது பூஜையறையில் அதுதான் இருக்கிறது. இதற்குப் புளி மட்டும் போடாதீர்கள், மேலே அடித்த பெயிண்ட் போய்விடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.