மண்ணுக்கடியில் இயற்கை உரம்: எந்தச் சின்னச் சுரங்கத்தில் பணம் போடுவது?

உரச் சுரங்கப் பங்குகளை விற்க வருகிறவர்கள் சொல்லும் முதல் வரி ஒன்றுதான்: "ஜனங்கள் சாப்பிடுவதை நிறுத்திவிடப் போகிறார்களா என்ன?" மறுக்க முடியாத வரி. அதோடு "இயற்கை உரம்", "அமிலம் சேர்க்காதது", "இயற்கை விவசாயச் சான்று உள்ளது" என்றெல்லாம் சேர்த்துவிட்டால், பணத்தோடு கொஞ்சம் புண்ணியமும் வருவதுபோல ஒரு நினைப்பு வந்துவிடும். அந்த நினைப்பில் நானும் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். கனிமம் அவர்கள் சொன்ன இடத்தில், சொன்ன அளவில், சொன்ன தரத்தில் இருந்தது. ஒரு பொய்யும் இல்லை. வாங்கத்தான் ஆள் இல்லை.

அப்புறம் இந்தத் துறையைப் பார்க்கும் விதமே எனக்கு மாறிவிட்டது. சின்ன நிறுவனங்கள் தோண்டும் இயற்கை உரங்களில் முக்கியமானவை ஐந்து: பாறை பாஸ்பேட், பாலிஹாலைட் எனும் பொட்டாசிய உப்புப் பாறை, உப்பு ஏரிகளிலிருந்து எடுக்கும் எஸ்ஓபி எனும் பொட்டாசியம் சல்பேட், கிளாக்கோனைட் எனும் பச்சைநிறப் பாறை, கடைசியாக லியோனார்டைட். பங்குச்சந்தையில் ஐந்தும் ஒரே கூடையில் கிடக்கின்றன. தொழில் என்று பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

எடைக் கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு வயலுக்கு 100 கிலோ சாம்பல் சத்து (பொட்டாஷ்) தேவை என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான எம்ஓபி எனும் பொட்டாசியம் குளோரைடு உரத்தில் 60 சதவீதம் சத்து இருப்பதால் 167 கிலோ போட்டால் போதும். எஸ்ஓபி என்றால் 200 கிலோ. பாலிஹாலைட்டில் சாம்பல் சத்து 14 சதவீதம்தான், ஆக 714 கிலோ. கிளாக்கோனைட் பாறையில் அது 10 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும் என்பதால் ஒரு முழு டன். ஆறு லாரி கிளாக்கோனைட் செய்கிற வேலையை ஒரு லாரி எம்ஓபி செய்துவிடுகிறது. சுரங்கத்துக்கும் வயலுக்கும் நடுவே ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்த ஆறு லாரிக்கும் டீசல் கேட்கும். சின்ன உரச் சுரங்கத்தில் பணம் போடுகிறவர் உண்மையில் லாரித் தொழிலில்தான் போடுகிறார் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது பாலிஹாலைட். சிறு முதலீட்டாளர்கள் மிக அதிகமாக அடிவாங்கிய இடம் இது. இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் சிரியஸ் மினரல்ஸ் என்றொரு நிறுவனம், தரைக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கும் கீழே கிடக்கும் பாலிஹாலைட் படுகையை எடுக்கக் கிளம்பியது. மேலே தேசியப் பூங்கா. அதனால் கனிமத்தைத் துறைமுகப் பக்கம் கொண்டுபோக 37 கிலோமீட்டருக்கு நிலத்தடிச் சுரங்கப்பாதை வேறு. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு முதலீட்டாளர்கள் பங்கு வைத்திருந்தார்கள், அவர்களில் அந்தப் பகுதி மக்களும் நிறையப் பேர். 2016-ல் 40 பென்ஸைத் தாண்டி விற்ற பங்கு அது. 2019 செப்டம்பரில் 50 கோடி டாலர் கடன்பத்திர வெளியீட்டைச் சந்தை ஏற்கவில்லை என்று நிறுவனம் கைவிட்டது. அங்கேயே கதை முடிந்தது. 2020-ல் ஆங்கிலோ அமெரிக்கன் என்ற பெரிய சுரங்க நிறுவனம் அதைப் பங்குக்கு 5.5 பென்ஸ் கொடுத்து வாங்கியது, மொத்தம் சுமார் 40.5 கோடி பவுண்டு. அவ்வளவு பெரிய நிறுவனமே பிறகு இந்தத் திட்டத்தின் மதிப்பை நூறு கோடி டாலருக்கும் மேல் குறைத்து எழுதியது, 2024-ல் வேலையையும் மெதுவாக்கியது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. சிரியஸிடம் கொள்முதல் ஒப்பந்தங்கள் இல்லாமல் இல்லை. உச்சத்தில் ஆண்டுக்கு 1 கோடி டன்னுக்கும் மேல் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே பௌல்பி சுரங்கத்தில் ஐசிஎல் நிறுவனம் இதே கனிமத்தை எடுத்து விற்கிறது. ஆனால் அது 1970-களில் பொட்டாஷுக்காகத் தோண்டிய சுரங்கம். பொட்டாஷை நிறுத்திவிட்டு 2018-ல் முழுக்கப் பாலிஹாலைட்டுக்கு மாறினார்கள். குழி ஏற்கெனவே இருந்தது, செலவும் எப்போதோ முடிந்திருந்தது. அப்படியிருந்தும் அவர்கள் விற்பது ஆண்டுக்கு 10 லட்சம் டன்னை ஒட்டித்தான். புது உரத்தை விவசாயிக்குப் பழக்குவதற்கு எத்தனை வருடம் பிடிக்கும் என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. கந்தகம், மெக்னீசியம், கால்சியம் மூன்றும் கூடவே இருப்பது பாலிஹாலைட்டின் உண்மையான பலம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உரம் வாங்குகிறவர் மூட்டையைத் திருப்பிப் பார்ப்பது சாம்பல் சத்து எத்தனை சதவீதம் என்றுதான். மற்ற மூன்றுக்கும் காசு கொடுக்க அவரைச் சம்மதிக்க வைப்பது தனி வேலை. ஆக, நல்ல கனிமம், ஆனால் சின்ன நிறுவனம் தொடவே கூடாத கனிமம்.

எஸ்ஓபி-க்கு வருவோம். காகிதத்தில் மிக அழகான தொழில் இதுதான். புகையிலை, திராட்சை, உருளைக்கிழங்கு போன்ற பயிர்களுக்குக் குளோரைடு ஆகாது. அவற்றுக்கு எம்ஓபி-யைவிடக் கூடுதல் விலைக்கு எஸ்ஓபி விற்கும். உலகில் விற்பதில் பெரும்பகுதி எம்ஓபி-யைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கிச் செய்வது. உப்பு ஏரியின் உவர்நீரிலிருந்து எடுத்தால் அமிலமே வேண்டாம்: கால்வாய் வெட்டி, பாத்தியில் விட்டு, வெயிலுக்குக் கொடுத்துவிடலாம். அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரியிலும் சீனாவின் லோப் நூரிலும் இப்படித்தான் எடுக்கிறார்கள்.

அந்தக் கனவோடு மேற்கு ஆஸ்திரேலியாவின் உப்பு ஏரிகளுக்குச் சின்ன நிறுவனங்கள் வரிசையாகப் போயின. சால்ட் லேக் பொட்டாஷ், உற்பத்தி தொடங்கியதாகச் சொன்ன சில மாதங்களிலேயே, 2021 அக்டோபரில் கடனில் மூழ்கி, திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. கேலியம் லேக்ஸ் 2023 ஆகஸ்டில் அதே வழியில் போனது. ஏன்? உப்பளத்தைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குப் புரியும். பாத்தியில் முதலில் படிவது சாதா உப்பு. பொட்டாசிய உப்புகள் அதற்குப் பின்னால்தான் வரும். அவற்றில் சாதா உப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பது அறுவடை செய்து ஆலைக்குள் போட்டால்தான் தெரியும். பாத்தி வெட்டியதிலிருந்து அந்த நாள் வரைக்கும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிடும். ஆய்வகத்தில் வாளியில் காயவைத்துப் பார்த்தது சதுரக் கிலோமீட்டர் கணக்கான பாத்தியில் அப்படியே வராது. கோளாறு தெரியும்போது கடன் வட்டி ஓடிக்கொண்டிருக்கும், திருத்திப் பார்க்க இன்னொரு கோடை வேண்டும். எனவே உப்பு ஏரி நிறுவனம் எதுவாக இருந்தாலும், குறைந்தது இரண்டு அறுவடை முடிந்து, ஆலை திட்டமிட்ட அளவில் ஓடுவதைப் பார்த்த பிறகே நான் அந்தப் பக்கம் போவேன். அதற்குள் பங்கு விலை ஏறிவிடுமே என்றால், ஏறட்டும்.

கிளாக்கோனைட் கதை இதற்கு நேர் எதிர். பாறை மேல்மட்டத்திலேயே கிடக்கும். வெட்டி, நொறுக்கி, லாரியில் ஏற்றிவிட்டால் சரக்கு தயார். கொஞ்சமாகத் தொடங்கி, விற்க விற்க விரிவாக்கலாம். பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் வெர்டே அக்ரிடெக் இப்படித்தான் வளர்ந்தது. இடமும் அருமையானது. பிரேசில் தன் பொட்டாஷில் 95 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிற நாடு. வெளிநாட்டு எம்ஓபி கப்பலில் வந்து, துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு நெடுந்தூரம் போகவேண்டும். அந்தத் தூரம் முழுவதும் உள்ளூர்ப் பாறைக்குக் காவல் மதில் மாதிரி.

2022-ல் ரஷ்ய, பெலாரஸ் சரக்கு சிக்கலானதும் பிரேசிலில் எம்ஓபி டன் 1,200 டாலரை ஒட்டிப் போனது. கிளாக்கோனைட்டுக்கு அது பொற்காலம். வெர்டே லாபம் காட்டியது, ஆலையைப் பெரிதாக்கியது. 2023-ல் எம்ஓபி விலை அதில் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. நாட்டின் அடிப்படை வட்டி விகிதமோ 13.75 சதவீதம். உரம் கடனுக்கு விற்கிற சரக்கு. விதைப்புக்கு முன் கொடுத்து, அறுவடைக்குப் பின் வசூலிப்பது. அந்த வட்டியில் யார் யாருக்குக் கடன் கொடுப்பது? வெர்டே நட்டத்துக்குப் போனது, பங்கு உச்சத்திலிருந்து பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. பாறை மாறவில்லை, சுரங்கம் மாறவில்லை. மதிலின் உயரம்தான் குறைந்தது. பொட்டாசியம் பாறைக்குள் இறுகிப் பூட்டிக் கிடப்பதால் மெதுவாகத்தான் வெளியே வரும் என்பதையும் மறக்கக்கூடாது. விற்கிறவர் அதை "நின்று நிதானமாகச் சத்து தரும்" என்பார். முதல் பருவத்திலேயே விளைச்சலை எதிர்பார்க்கும் விவசாயி அதையே வேறு வார்த்தையில் சொல்வார்.

லியோனார்டைட் பற்றி அதிகம் பேச எதுவுமில்லை. பழுப்பு நிலக்கரி காற்றுப்பட்டு மாறியது. ஹியூமிக் அமிலம் நிறைந்தது. சத்து என்று பார்த்தால் உரமே அல்ல, மண்ணைச் சீர்செய்யும் பொருள். தோண்டச் செலவு குறைவு, பாட்டிலில் அடைத்து விற்றால் லாபம் நன்றாக வரும். ஆனால் வயல் சோதனைகள் ஓரிடத்தில் ஒரு மாதிரி, இன்னோரிடத்தில் வேறு மாதிரி முடிவைத் தருகின்றன. பழுப்பு நிலக்கரி இருக்கிற யாரும் நாளைக்கே போட்டிக்கு வரலாம். அது விளம்பரத் தொழில். எனக்கு அது தெரியாது.

பாறை பாஸ்பேட்டைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், எனக்குப் பிடித்தது அதுதான். மணிச்சத்து (பாஸ்பேட்) 30 சதவீதம் அளவுக்கு இருக்கும் பாறை என்றால் லாரிக் கணக்கு மற்றவற்றைப்போல அவ்வளவு மோசமாகாது. அரைத்து மூட்டை கட்டினால் போதும், வேதியியல் ஆலை வேண்டியதில்லை. இன்னொரு வசதி, வாங்க இரண்டு வகை ஆள் உண்டு: நேரடியாக வயலில் போடுகிறவர் ஒருவர், அமிலத்தில் கரைத்து டிஏபி போன்ற ரசாயன உரங்கள் செய்யும் ஆலைக்காரர் இன்னொருவர். ஒரு பக்கம் மந்தமானால் மறுபக்கம் தள்ளிவிடலாம்.

சரி, சிக்கல் எங்கே? பாறை பாஸ்பேட் அமிலத்தன்மை உள்ள மண்ணில்தான் கரையும். மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் 5.5-க்குக் கீழே என்றால் நல்லது, சுண்ணாம்பு மண்ணில் போட்டால் கல்லாகவே கிடக்கும். அதோடு எல்லாப் பாறையும் ஒன்றல்ல. கடல் படிவாக உருவான துனிசியாவின் கப்சா, பெருவின் செச்சூரா பாறைகள் எளிதில் கரைபவை. எரிமலைக் குழம்பு வழிவந்த அபடைட் பாறை அதே 30 சதவீதம் காட்டினாலும் மண்ணில் சோம்பேறி. இலங்கையின் எப்பாவல அபடைட் அப்படித்தான், தேயிலை, ரப்பர், தென்னை மாதிரி நீண்டகாலப் பயிர்களுக்குத்தான் அது ஒத்துவருகிறது. ஆகவே நிறுவனத்தின் அறிக்கையில் மணிச்சத்து சதவீதத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால், அதை விட்டுவிட்டு 2 சதவீத சிட்ரிக் அமிலத்தில் எவ்வளவு கரைகிறது என்ற எண்ணைத் தேடுங்கள். அது இல்லை என்றால் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அதுவே பதில். கூடவே காட்மியம் எனும் நச்சு உலோகம். படிவுப் பாறைகளில் அது அதிகம் இருக்க வாய்ப்புண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் சிஇ முத்திரையோடு விற்கும் பாஸ்பேட் உரங்களில் மணிச்சத்து கிலோவுக்கு 60 மில்லிகிராம் காட்மியம் என்று வரம்பு வைத்துவிட்டது. வரம்பைத் தாண்டிய பாறைக்கு அந்தச் சந்தையின் கதவு பெரும்பாலும் சாத்தியதுதான்.

எப்பாவல இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. அங்கே வெளிநாட்டு நிறுவனத்தோடு பெரிய அளவில் தோண்ட அரசு போட இருந்த ஒப்பந்தத்தை எதிர்த்து ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 2000-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்று அதைத் தடுத்துவிட்டது. பாஸ்பேட் பெரும்பாலும் மேல்மட்டத்தில் கிடக்கும், அதனாலேயே அதன் மேல் வயலும் வீடும் இருக்கும். உரிமத் தாளைவிட அந்த ஊரின் மனநிலை முக்கியம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நிறுவனங்கள் காட்டும் வள மதிப்பீடுகளுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் ஜோர்க், கனடாவின் என்ஐ 43-101 விதிமுறைகளின்படி வந்த எண்கள் நம்பத்தக்கவைதான். ஆனால் தங்கத்தில் "இத்தனை டன் இருக்கிறது" என்றால் வாங்க ஆள் கட்டாயம் உண்டு. உரக் கனிமத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. மொராக்கோவிடம் மட்டுமே உலகப் பாஸ்பேட் இருப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் இருக்கிறது. இருநூறு வருடத்துக்குப் போதுமான கனிமம் என்று ஒரு சின்ன நிறுவனம் பெருமையடிக்கும்போது எனக்கு வரும் கேள்வி, இந்த வருடத்துச் சரக்கு எங்கே போகிறது என்பதுதான்.

பொட்டாஷ் விலை ஏறும் என்பது மட்டுமே உங்கள் நம்பிக்கை என்றால், நியூட்ரியன், மொசைக் போன்ற பெரிய நிறுவனத்தின் பங்கே போதும். தூக்கம் நன்றாக வரும். சின்னதை வாங்குவதென்றால் என் வரிசை இதுதான்: அமில மண் பக்கத்தில் இருக்கும், நன்றாகக் கரையும் பாறை பாஸ்பேட் முதலில். உர விலை விழுந்து, எல்லோரும் கைகழுவிய நேரத்தில், கடன் குறைவாக உள்ள கிளாக்கோனைட் இரண்டாவது. இரண்டு அறுவடை பார்த்த எஸ்ஓபி மூன்றாவது. மற்ற இரண்டும் எனக்கு வேண்டாம்.

இப்போது என் கையில் இருப்பது ஒரே ஒரு பாஸ்பேட் பங்கு, அதுவும் போனால் போகட்டும் என்று போட்ட தொகை. அடுத்த காலாண்டு அறிக்கை வந்ததும் நேராகக் கிடங்கில் விற்காமல் கிடக்கும் டன் எவ்வளவு என்ற வரிக்குப் போவேன். போன தடவையைவிட அது கூடியிருந்தால் பாதியை விற்றுவிடுவதாக முடிவு.