புகையானுக்கு மருந்தா, ஓநாய் சிலந்தியா?

போன சம்பாவில் நட்டு 45 நாள் இருக்கும். தூர் அடியில், நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான புகையான் ஒட்டியிருந்தது. பக்கத்து வயல்காரர் அன்றே மருந்து அடித்தார், நான் அடிக்கவில்லை. பயிரை விலக்கிக் குனிந்தபோது தண்ணீர்மேல் விறுவிறுவென்று ஓடிய ஓநாய் சிலந்திகள்தான் காரணம். ஒன்று பின்புறத்தில் முட்டைப் பையைச் சுமந்தபடியே ஓடியது.

மருந்து வேகமானது, காசு செலவு. சிலந்திக்குச் செலவில்லை, ஆனால் பொறுமை வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது, மருந்துக்குப் பிறகு புகையான் திரும்பி வருகிற விதம். அது இலையுறையைக் கீறி உள்ளே முட்டை வைக்கிறது. மேலே அடிக்கிற பல மருந்துகள் அந்த முட்டையைத் தொடுவதில்லை. வெளியே திரிகிற சிலந்தியோ செத்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு பொரித்து வரும்போது அதைத் தின்ன வயலில் ஆளிருக்காது. டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளில் இந்தத் தொல்லை அதிகம். 1986-ல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ததும் புகையான் இப்படிப் பெருகியதால்தான். பக்கத்து வயல்காரரும் 12-ஆம் நாள் மறுபடி தெளிப்பானைத் தூக்கினார்.

ஓநாய் சிலந்தி வலை கட்டிக் காத்திருக்காது, ஓடிப்போய்ப் பிடிக்கும். ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை தின்னும். புகையான் வருவதற்கு முன்பே, சேற்றில் மக்குவதைத் தின்று வளரும் சின்னப் பூச்சிகளைப் பிடித்துத் தின்று வயலில் தங்கிவிடும். அதனால் தொழுவுரம் போட்ட வயலில் அதற்கு இரை கிடைக்கும். பொரித்த குஞ்சுகளைத் தாய் முதுகிலேயே ஏற்றிக்கொண்டு திரியும். அந்த நேரத்தில் மருந்து அடித்தால் குடும்பத்தோடு போய்விடும்.

சரி, மருந்தே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு இது: சிலந்தி இல்லையென்றால் தூருக்கு (ஒரு தண்டுக்கு) 1 புகையான் வந்தாலே நடவடிக்கை, குத்துக்கு (பல தண்டு சேர்ந்த ஒரு கொத்துக்கு) 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் தண்ணீரை வடித்துவிட்டு, பைரித்ராய்டு அல்லாத மருந்தைத் தூர் அடியில் படும்படி அடிக்க வேண்டியதுதான்.

நான் இப்படிச் செய்து பார்த்தது இரண்டு சம்பாவில்தான், குறுவையில் இல்லை. இந்த வருஷம் 8 அடிக்கு 1 அடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டு நட்டிருக்கிறேன். அதில் இறங்கி வாரம் ஒருமுறை குத்துகளை விலக்கி எண்ணுகிறேன். நேற்று பத்து குத்தில் 13 சிலந்தி.