தொப்பிக்குள்ள என்ன பட்டி வெக்கிற? தச்ச பட்டியா, கழட்டிக் கழுவுற பட்டியா

கிழக்கிலங்கை மருதமுனைக் கைத்தறிச் சீலையில அகலத் தொப்பி தைக்கிற எங்களுக்கு ஒரே தலையிடி வேர்வைக் கறைதான். சீலை நல்லம், கலர் நல்லம், வெள்ளக்காரர் வாற அறுகம்பேக் கடையில கொண்டு வெச்சா சீசனுக்கு நல்லாவே போகுது, ஆனா வாங்கின ஆள் கொஞ்ச நாள் வெயிலுக்க போட்டாக் காணும், நெத்திக்கு மேல வெள்ளையா ஒரு கோடு விழும், அது போகப் போக மஞ்சளாகும், அதோட அந்தத் தொப்பிட கதை முடிஞ்சி. வேர்வை குடிக்கத் தொப்பிக்குள்ள நெத்தியில படுற மாதிரி வெக்கிற பட்டிய மாத்தி மாத்தித் தச்சிப் பாத்து இப்ப நான் கழட்டிக் கழுவுற பட்டியிலதான் நிக்கிறன். மத்ததுகளையும் சொல்றன், ஆனா நான் எந்தப் பக்கம் எண்டு இப்பவே சொல்லிட்டன், பொறகு ஒரு பக்கமாக் கதைக்கிறா எண்டு சொல்லப்புடா.

கறை ரெண்டு விதம். ஒண்டு உப்பு. வேர்வையில 99 வீதமளவு தண்ணிதான், மிச்சத்தில கூடுதலா இருக்கிறது உப்பு. தண்ணி நூலைப் புடிச்சி மேல ஏறும், ஏறிப்போய் எந்த இடத்தில காயுதோ அந்த இடத்தில உப்ப விட்டுட்டுப் போயிரும், அதாலதான் வெள்ளைக் கோடு எப்பவும் பட்டிக்கு மேல விழுது, பட்டி இருக்கிற இடத்தில விழுறல்ல. வரண்ட கச்சான் காத்து வீசுற நாளையில சீலை கெதியாக் காயுறதால கோடு இன்னும் பளிச்செண்டு தெரியும். உப்புக்குப் பயப்புடத் தேவல்ல, பச்சத் தண்ணியில கரைஞ்சி போயிரும். மத்தது எண்ணெய். நெத்தித் தோல்ல ஊறுற எண்ணெயும் நம்மட ஆக்கள் தலைக்கு வெக்கிற தேங்கெண்ணெயும் சேந்து சீலையில ஊறும், தோல் எண்ணெய் காத்துப்பட்டு நாள் போக மஞ்சளாகி இறுகிரும், வெறுந் தண்ணிக்கு அசையாது, சவுக்காரம் போட்டுக் கசக்கத்தான் வேணும். கிளோரின் போட்டு வெளுப்பம் எண்டு மட்டும் நினைக்காதீங்க, வேர்வைக் கறையில கிளோரின் பட்டா மஞ்சள் இன்னும் கூடும், கைத்தறிட கலரும் அதோட போயிரும்.

பிரச்சினை என்னெண்டா தொப்பியக் கசக்க ஏலா. ஓரம் விறைப்பா நிக்கிறதுக்கு உள்ளுக்கு மொத்தக் கேன்வஸ் வெச்சித்தான் தைக்கிற, கசக்கினா கேன்வஸ் உடைஞ்சி ஓரம் தொங்கிப் போகும். கைத்தறிக் கொட்டன் வேற சுருங்கும். நான் சீலை எடுக்கிற காக்கா (அண்ணன் முறை) ஒவ்வொரு முறையும் இதத்தான் சொல்லுவார், "தங்கச்சி, வெட்ட முந்தி ஒருக்கா ஊறப்போட்டுக் காயவெச்சிருங்க, இல்லாட்டி அது தன்ட பாட்டுக்குச் சுருங்கும்". அவர் சொல்றமாதிரிச் செஞ்சாலும் சீலை கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும், கேன்வஸ் சுருங்காது, ரெண்டும் இழுபட்டு ஓரம் அலை அலையா வந்திரும். ஆகவே எந்தப் பட்டி நல்லாக் குடிக்குது, எது குளிரா இருக்கு எண்டதெல்லாம் எனக்கு ரெண்டாவது. முதலாவது, தொப்பியத் தண்ணிக்க போடாம கறையக் கழுவ ஏலுமா ஏலாதா.

இந்தக் கேள்வியோட பாத்தா மத்ததெல்லாம் கெதியா விழுந்திரும்.

சாதாரணக் கொட்டன் பட்டி, தொப்பியோட சேத்துத் தச்சது. மலிவு, தைக்க லேசி, புதுசில நெத்திக்குச் சுகமாவும் இருக்கும். நிறையத் தண்ணி குடிக்கும், குடிச்சி நிரம்பினாப் பக்கத்துச் சீலைக்குத் தள்ளும். வேற சொல்ல ஒண்டுமில்ல.

துவாய்த் துணிப் பட்டி, அதுவும் தச்சது. நூல் வளையம் வளையமா நிக்கிறதால கொட்டன விடக் கூடக் குடிக்கும், வெள்ளைக் கோடு விழப் பிந்தும். ஆனா மாரியில பாருங்க, கார்த்திகை மார்கழியில மழை விடாமப் பெய்யக்க இரவு கழட்டி வெச்ச தொப்பி விடியவும் ஈரமாவே கிடக்கும், ரெண்டு மூணு நாள் அப்பிடிப் போனா மணக்கும், மறுகா கறுப்புக் கறுப்பாப் பூஞ்சணம் புடிக்கும். பூஞ்சணம் புடிச்ச பட்டிய வெட்டி எடுக்க வேணும், வெட்டினா தையல் முழுக்கப் பிரியும்.

ஸ்போர்ட்ஸ் கேப்புகள்ல வாற வழுவழுப்பான பொலியெஸ்டர் பட்டிய நிறையப் பேர் ஆகலும் புகழுறாங்க. கிரிக்கெட் விளையாடுற பொடியன்மார் கேட்டா இதத்தான் கேப்பாங்க. நான் இதத் தனியா வாங்கித் தச்சது குறைவு, கடைக் கேப்பப் பிரிச்சிப் பாத்ததும் வீட்டில பாவிச்சதும்தான், அதால கொஞ்சம் அடக்கித்தான் கதைக்கோணும். கொட்டன் நூல் காத்தில இருக்கிற ஈரத்த மட்டுமே தன்ட பாரத்தில 8 வீதமளவு புடிச்சி வெச்சிருக்கும், பொலியெஸ்டர் அரை வீதமும் புடிக்காது. அப்ப இந்தப் பட்டி வேர்வையக் குடிக்கிறல்ல, நூலுக்கும் நூலுக்கும் இடையில ஓட விட்டு வேற இடத்துக்குக் கடத்துது. சேட்டுக்கு இது சரி, கடத்தினது வெளிப்பக்கம் போய்க் காயும். தொப்பிப் பட்டியில கடத்தினா எங்க போகும்? பக்கத்தில கிடக்கிற கைத்தறிக்குத்தான். இன்னொண்டு, பொலியெஸ்டருக்கு எண்ணெய் எண்டா சரியான ஒட்டு, தேங்கெண்ணெய்த் தலைக்கு அதப் போட்டா பச்சத் தண்ணிக் கழுவலுக்கு எண்ணெய் விடாது, கொட்டன விட மணமும் கூட நிக்கும். கெதியாக் காயும் எண்டது மட்டும் உண்மை, மாரிக்கு அது பெரிய விசயம்தான், அத மறுக்கல்ல.

ரெக்சின் பட்டி வேணாம். ஒண்டையும் குடிக்காது, வேர்வை வழிஞ்சி கண்ணுக்க வரும், நம்மட சூட்டுக்கும் ஈரத்துக்கும் மேல்தோல் உரிஞ்சி உரிஞ்சி நெத்தியில ஒட்டும். உண்மையான தோல் பட்டி வேற சாமான், வெளிநாட்டுக் கம்பளித் தொப்பிகள்ல செம்மறித் தோல் வெக்கிறாங்க. அத நான் தச்சதில்ல, ஆனா பழைய தொப்பி ஒண்டு கையில கிடைச்சப்ப உள்ளுக்குப் புரட்டிப் பாத்தன். தோல் பட்டிய கீழ் விளிம்பில மட்டும் தச்சிருக்கு, மேல் விளிம்பு சும்மா நிக்குது, போட்டுக் கழட்டினதும் பட்டிய வெளிய புரட்டி விட்டாக் காத்துப்பட்டுக் காயும். என்ட பட்டிக்கு ஐடியா வந்தது அங்க இருந்துதான்.

ஒட்டுற பேட் எண்டும் ஒண்டு இருக்கு, பின்னால பசை, நாலஞ்சி நாள் போட்டுட்டு உரிச்சி எறியிறது. ஒரு பயணத்துக்குச் சரி. வெயில்ல பசை இளகிச் சீலையில நிண்டிரும், அதில தூசி ஒட்டும், கைத்தறியில அந்தப் பசைய எடுக்கிறது வேர்வைக் கறைய எடுக்கிறதவிடக் கஷ்டம்.

இப்ப கழட்டுற பட்டி. இதில மூணு வேலை இருக்கு, குடிக்கிறது ஒண்டு, மறிக்கிறது ஒண்டு, கழண்டு வாறது ஒண்டு. குடிக்கிறதையும் கழட்டுறதையும் எல்லாரும் யோசிப்பாங்க, மறிக்கிறத விட்டிருவாங்க. பட்டிக்கும் தொப்பிச் சீலைக்கும் இடையில தண்ணி போகாத ஒரு துண்டு வேணும், வயலுக்கு வரம்பு மாதிரி. நான் வெக்கிறது குடைச் சீலை. உடைஞ்ச குடையில நல்ல பக்கத்த வெட்டி எடுத்தா ஒரு குடையில கன தொப்பிக்குக் காணும். தொப்பி முழுக்க வெச்சிராதீங்க, தலை அவிஞ்சி போகும். நெத்திப் பக்கம் மட்டும், ஒரு காதுக்கு மேல இருந்து மற்றக் காதுக்கு மேல வரைக்கும். உயரம் பட்டிய விட ஒண்டரைச் சென்ரிமீட்டர் கூட இருக்கோணும், ஏனெண்டா வேர்வை பட்டிக்கு மேலதான் ஏறப் பாக்கும். என்ட பட்டி மூண்டரைச் சென்ரிமீட்டர் உயரம், குடைச் சீலை அஞ்சி.

தையல் எங்க போடுறது எண்டதுதான் இதில உயிர். குடைச் சீலைய மேலயும் கீழயும் தொப்பியோட சேத்து அடிச்சா ஊசி ஓட்டை எல்லாம் வழியாகிரும், கொட்டன் நூல் எண்டா நூலே வேர்வைய உறிஞ்சி வெளிய கொண்டு போகும். வெளிப்பக்கத்தில தையல் கோடு வழிய புள்ளி புள்ளியா மஞ்சள் கண்டிருப்பீங்க, அது இதாலதான் வாறது. அதனால கீழ் விளிம்ப மட்டும், தலைப்பக்கமும் ஓரமும் சேருற மூட்டில உள்ளுக்கு மடிஞ்சி கிடக்கிற மிச்சச் சீலையோட வெச்சித் தைக்கிறன். வெளிய ஒரு தையலும் தெரியாது. மேல் விளிம்பு சும்மா நிக்கும். நூல் பொலியெஸ்டர்.

அந்த மூட்டோட சேத்தே ரெண்டாக மடிச்ச கொட்டன் துண்டு ஒண்டும் தச்சிருப்பன், வாய் மேல பாத்த மாதிரி, உள்ளுக்கு ஒரு நீளப் பை போல வரும். பட்டிட கீழ் விளிம்ப இந்தப் பைக்குள்ள செருகி விடுறது. நெத்தியில ஒரு பட்டனும் இல்ல, பட்டன் இருந்தா அமத்தும், தலையிடிக்கும். ரெண்டு காதுக்கு மேலயும் பின்னுக்கு ரெண்டு இடத்திலயும் மட்டும் அமத்துற பட்டன். பிளாஸ்டிக் பட்டன்தான் வேணும், புள்ளச் சட்டைக்குப் போடுவாங்களே அது. இரும்புப் பட்டன் உப்பு வேர்வைக்குத் துருப்பிடிச்சிச் செம்மஞ்சள் வட்டம் போடும், வேர்வைக் கறைக்குப் பயந்து துருக் கறைய வாங்கின கதையாகிரும். வெல்க்ரோ லேசான வேலை, ஆனா முடியப் புடிச்சி இழுக்கும், கைத்தறி நூலயும் பிச்சி விடும். பிளாஸ்டிக் பட்டன் இதுவரைக்கும் கழண்டு வரல்ல, ஆனா வரியக் கணக்காத் தாங்குமா எண்டு சொல்ற அளவுக்கு இன்னும் பழகல்ல.

பட்டிட உள்பக்கம், நெத்தியில படுற இடத்துக்கு மெல்லிய துவாய்த் துணி, மிச்சச் சுத்துக்குக் கொட்டன். புதுத் துவாய வெட்ட முந்தி ரெண்டு தரம் கழுவோணும், புதுசில இருக்கிற வழுவழுப்புத் தண்ணி குடிக்க விடாது. அதே காரணத்துக்காகத்தான் பட்டி கழுவக்க வாசச் சாமான், மெதுவாக்கிற சாமான் எல்லாம் போடக்கூடாது. கலர்த் துணியில பட்டி செய்ய ஆசைப்படுறவங்க முதல்ல சாயம் போகுமா எண்டு பாருங்க. தொழிற்சாலைகள்ல வேர்வைக்குச் சாயம் நிக்குமா எண்டு பாக்க ஐஎஸ்ஓ 105-ஈ04 எண்டு ஒரு முறை இருக்கு, செயற்கை வேர்வை ரெண்டு விதம் செஞ்சி பாப்பாங்க, புளிப்பு, காரம் அளக்கிற பிஎச் கணக்கில ஒண்டு 5.5, மத்தது 8, ஏனெண்டா புது வேர்வை கொஞ்சம் புளிப்புப் பக்கம், கிடந்து பழசாகினா காரப் பக்கம் போகும். நம்மளுக்கு வீட்டில உப்புத் தண்ணியில நனைச்சி வெள்ளைச் சீலைக்க வெச்சி மேல அம்மிக்கல்லத் தூக்கி வெச்சாலே ஓரளவுக்கு விளங்கும். நான் சாயம் போடாத துணிதான் பாவிக்கிறது, கறை வந்தா கண்ணுக்குத் தெரியட்டும், தெரிஞ்சாத்தானே கழுவுவாங்க.

அளவில ஒரு விசயம். பட்டி ரெண்டு மூணு மில்லிமீட்டர் மொத்தம் வரும், அது சுத்தளவில ஒண்டரைச் சென்ரிமீட்டர் அளவு சாப்பிட்டிரும். 56 சென்ரிமீட்டர் தலைக்கு 56க்கு வெட்டினா போட ஏலாது, 57.5க்கு வெட்டோணும். அதே தொப்பியப் பட்டி இல்லாமப் போட்டா லூசாத்தான் இருக்கும், வாங்குற ஆளுக்கு இத முதலே சொல்லிரோணும்.

கழுவுறது லேசி. முதல்ல பச்சத் தண்ணியில அலசினா உப்புப் போகும், பொறகு சவுக்காரம் போட்டுக் கசக்கினா எண்ணெய் போகும், நிழல்ல காயப் போடுறது. ஒரு தொப்பிக்கு ரெண்டு பட்டி குடுக்கிறன், ஒண்டு தலையில, ஒண்டு கொடியில.

விக்கிற ஆக்களுக்கும் இதில ஒரு நன்மை இருக்கு, நான் முதல்ல யோசிக்காத நன்மை. அறுகம்பேக்கு வாற வெள்ளக்காரர் நெத்தியில சன்கிரீம் அப்பிக்கொண்டு கடைக்க வந்து ஒவ்வொரு தொப்பியாப் போட்டுப் பாப்பாங்க, வாங்காமலும் போவாங்க. சில சன்கிரீம்ல இருக்கிற அவோபென்சோன் எண்ட சாமான் தண்ணியில இருக்கிற இரும்போட சேந்தா துரு மாதிரிக் கறையாகும், இரும்பு கூடின கிணத்துத் தண்ணியில கழுவினா இன்னும் மோசம். இப்ப கடைக்காரத் தம்பிக்கிட்டத் தனியாப் பட்டி குடுத்து வெச்சிருக்கன், போட்டுப் பாக்கிறதுக்கு அது, வித்தாப் புதுப் பட்டிய மாத்திக் குடுக்கிறது. தச்ச பட்டி எண்டா அந்தத் தொப்பிய விலை குறைச்சித்தான் தள்ளோணும்.

குறை இல்லாமல் இல்ல. தைக்கிற நேரம் தச்ச பட்டிய விட ரெண்டு மடங்குக்குக் கிட்ட வருது, விலையிலயும் அது தெரியும். கழட்டிக் கழுவச் சோம்பல்படுற ஆளுக்கு இந்தப் பட்டி வீண், அவருக்குத் துவாய்ப் பட்டிய அடிச்சிக் குடுத்தாலும் ஒண்டுதான். பள்ளிக்கூடப் புள்ளைகள்ற மெல்லிய கேப்புக்கும் தேவல்ல, அதுல கேன்வஸ் குறைவு, கேப்போட சேத்துத் தண்ணிக்க போட்டிரலாம்.

பனையோலைத் தொப்பிக்குக் குடைச் சீலையும் வேணாம், பின்னல் இடைவெளியால காத்துப் போற இடத்த ஏன் அடைக்கிற. ஆனா ஓலையையும் ஊறப் போட ஏலா, வடிவம் போயிரும், அதால பட்டி மட்டும் வேணும். பட்டனுக்குப் பதிலா பட்டியில நாலு இடத்தில நாடா தச்சிப் பின்னலுக்குள்ளால விட்டு முடிஞ்சி விடுங்க. வெள்ளாமை வெட்டுக்குப் போற ஆக்களுக்கு இப்பிடித்தான் செஞ்சி குடுக்கிறன், அவங்க பகல் சாப்பாட்டுக்கு ஏறக்க ஒருக்கா மாத்துவாங்க, அவங்களுக்கு ரெண்டு பட்டி காணாது, மூண்டாக் கேட்டு வாங்கச் சொல்றது.